சனிக்கிழமை கச்சேரி: எல்லாரும் படிச்சிடுங்க

பாடகர் குழு நண்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை மாலை 6.30-க்கு எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தில் பாடுகிறோம். 4.30-க்கே வந்துடுங்க. அது 1821-ல் திறந்த வட்டக் கோயில், மேலே பெரிய குவிமாடம். நம்ம ஒத்திகை அறை மாதிரி இருக்காது. ஒலி சுற்றிச் சுற்றி வரும். ஒரு தரம் பாடிப் பார்த்தால்தான் காது பழகும். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் முடிக்கணும், ப்ளீஸ்.

வரிசையில் மாற்றமில்லை: இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் 'சிக்குத் செர்வுஸ்' (பைபிளின் 42-ஆம் சங்கீதம்தான்), ஆங்கிலேய இசையமைப்பாளர் பேர்டின் 'ஆவே வேரும்' (லத்தீன் துதிப்பாடல்), கடைசியில் அதே வரிகளுக்கு மொசார்ட் 1791-ல் போட்ட இசை. மொசார்ட் மொத்தமே 46 பார் (தாளக் கட்டம்)தான், எல்லாருக்கும் மனப்பாடம். கவலை பேர்டில்தான். தொடக்கத்திலேயே சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) எஃப் ஷார்ப் பாடி முடித்ததும் பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) அதற்கு அரைச் சுரம் குறைந்த எஃப் நேச்சுரலைப் பாடும். அந்த உரசல் பேர்டு வேண்டுமென்றே வைத்தது. பாஸ் அண்ணன்மாரே, தயங்காமல் பாடுங்க. "சுருதி சேரலையே" என்று பாதியில் வளைக்க வேண்டாம். இந்தப் பாட்டு, கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்த இங்கிலாந்தில், வீடுகளில் ஒளிந்து கும்பிட்டவர்களுக்காக எழுதினது (1605-ல் அச்சானது). அதனால் சத்தம் அடங்கியே இருக்கட்டும். மேடைக் குரல் வேண்டாம்.

கறுப்பு உடை, கறுப்பு ஃபைல். புடவையும் சரிதான், ஜரிகை மட்டும் வேண்டாம். மின்சார ரயிலோ மெட்ரோவோ, எழும்பூரில் இறங்கினால் பக்கம்தான். ஆல்டோவில் (பெண்களின் தாழ்ந்த குரல்) யாருக்காவது தொண்டை சரியில்லைன்னா இன்றைக்கே எனக்குச் சொல்லிடுங்க.