ஆனி டிஃப்ராங்கோவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

தனி ஆவர்த்தனத்துக்கும் தாளம் போட ஒருவர் வேண்டும். அமெரிக்கப் பாடகி ஆனி டிஃப்ராங்கோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'தனியாளாக நின்று ஜெயித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரிய கம்பெனி எதற்கும் கையெழுத்துப் போடாமல், 1990-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து ரைட்டியஸ் பேப் என்ற தன் சொந்த லேபிளிலேயே (இசை வெளியீட்டு நிறுவனத்திலேயே) ஃபோக்-ராக் பாடல்களை வெளியிட்டு வருபவர் அவர். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் 'தனி'க்குத் தாளம் போட்டது நீங்கள். சொந்தமாகப் பாட்டெழுதிச் சொந்தமாக வெளியிட நினைக்கிறவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது உங்கள் வேலையைத்தான்.

முதல் வணக்கம், பஃபலோ நகரத்துப் பாடகர் மைக்கேல் மெல்ட்ரமுக்கு. 2011-இல் அவர் மறைந்துவிட்டார். ஒன்பது வயதுச் சிறுமி ஆனியைத் தன்னோடு உள்ளூர் மேடைகளில் ஏற்றியவர் அவர். குடித்தபடி பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை ஒற்றைக் கிட்டாரால் திரும்பிப் பார்க்க வைக்கும் வித்தையை எந்த வகுப்பிலும் சொல்லித் தர முடியாது. கம்பியை மீட்டாமல் அறைவது போன்ற ஆனியின் வலது கை, அந்த மாதிரி இடங்களில் பழுத்தது. நியூயார்க்கின் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கவிதை சொல்லிக் கொடுத்த சேக்கு சுந்தியாட்டாவுக்கும் நன்றி. பின்னாளில், 2000-இல், அந்த ஆசிரியரின் ஆல்பத்தை மாணவியின் லேபிளே வெளியிட்டது.

அடுத்து, சரக்கை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்களுக்கு. மிச்சிகனின் கோல்டன்ராட், வட கரோலினாவின் லேடிஸ்லிப்பர் இரண்டும் பெண்களின் இசைக்கென்றே நடந்த விநியோக நிறுவனங்கள். பெரிய கடைச் சங்கிலிகள் ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் ஆனியின் கேசட்டுகளை எடுத்துக்கொண்டவை. இந்த உதவியின் அருமை, கணக்குப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விநியோகத் தொழிலில் பணம் கைக்கு வர 90 நாள், சில சமயம் 120 நாள்கூட ஆகும். விற்காத பிரதிகள் திரும்பி வந்தால் அதுவும் நம் கணக்கில்தான் கழியும். அதனால் சிறு லேபிள்கள் பெரும்பாலும் ஆல்பம் படுத்துவிட்டதால் மூழ்குவதில்லை. திடீரென்று ஓடும்போதுதான் மூழ்குகின்றன. முதல் அச்சுக்கான பணம் வருவதற்குள் இரண்டாம் அச்சுக்குப் பணம் கட்டியாக வேண்டுமே! அந்த இடைவெளியை அடைப்பது, கச்சேரி முடிந்ததும் வாசல் மேசையில் ரொக்கத்துக்கு விற்கும் பிரதிகள்தான். சில்லறையை எண்ணிக்கொண்டு, சட்டை அளவைத் தேடி எடுத்துக்கொண்டு, இரவு முழுக்க அந்த மேசைக்குப் பின்னால் நின்ற பெயர் தெரியாத எல்லோருக்கும் நன்றி.

மேலாளராக இருந்த ஸ்காட் ஃபிஷருக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். லேபிளை நியூயார்க்குக்குக் கொண்டுபோகாமல், ஆலைகள் மூடிக் களையிழந்திருந்த பஃபலோவிலேயே வைத்து, அச்சு வேலை முதற்கொண்டு உள்ளூர்க்காரர்களுக்கே கொடுத்தார்கள். 1870-களில் கட்டி, இடிக்க நாள் குறித்திருந்த டெலவர் அவென்யூ தேவாலயத்தை மீட்டு, அலுவலகமும் கச்சேரி மண்டபமுமாக மாற்றினார்கள். பேப்வில் என்பது இப்போது அதன் பெயர். பழைய கற்கட்டடத்தைக் குளிரிலிருந்து காக்க நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். பாட்டு சம்பாதித்த பணம் ஊருக்குள்ளேயே சுற்றியது.

மேடைக்குப் பக்கவாட்டில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் கிட்டார் டெக்னீஷியன்களே, உங்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனியின் பாடல்கள் பல, வழக்கமான சுருதி அமைப்பில் இல்லை. பாட்டுக்குப் பாட்டு கம்பிகளின் சுருதி மாறும். ஒரு கம்பியை இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அளவு இறக்கினால் அதன் இழுவிசை ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். தளர்ந்த கம்பி, பலமாக அடித்தால் ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும். தடிமனான கம்பி போட்டுத்தான் சமாளிக்க முடியும். வழக்கமான சுருதியில் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 70 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒன்றைத் தளர்த்தினால் கழுத்து இம்மியளவு நிமிர்ந்து மற்ற ஐந்தும் ஏறிவிடும். ஆகவே ஒரு சுற்று போதாது, இரண்டு சுற்றுச் சேர்க்க வேண்டும். இறக்கும்போது வேண்டிய சுருதிக்குச் சற்றுக் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முறுக்காணியில் மிச்சமிருக்கும் தளர்ச்சி பாட்டின் நடுவில் காலை வாரிவிடும். இதையெல்லாம் கூட்டத்தின் எதிரே செய்தால் கச்சேரியில் பாதி அதற்கே போகும். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த கிட்டார் அவர் கையில் இருந்ததற்குக் காரணம் நீங்கள்.

விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃகுக் கம்பியில் அந்த வேகத்துக்கு இயற்கை நகம் தாங்காது. ஒட்டு நகம் வைத்து, அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்வது அவர் வழக்கம். மின்சாமான் கடையில் கிடைக்கும் அந்தச் சாதாரண டேப்பையும் நன்றிப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். நகத்துக்கு டேப் உண்டு, தசைநாருக்கு இல்லை. மணிக்கட்டு வீங்கி 2005-இல் மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது.

ஒலி மேசையில் இருந்தவர்களுக்கு: அக்கூஸ்டிக் கிட்டாரை ட்ரம்ஸ் அருகே சத்தமாக ஒலிக்க வைப்பது தலைவலி பிடித்த வேலை. கிட்டாரின் கூடு 100 ஹெர்ட்ஸ் வாக்கில் தானாகவே முழங்கும். வாசிப்பவருக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் அதற்குள் புகுந்தால் ஊளையிடும். அந்த அலைவரிசையை மட்டும் மெல்லியதாக வெட்ட வேண்டும். அகலமாக வெட்டினால் கிட்டாரின் வயிறே காணாமல் போகும். 1997-இல் வந்து, விற்பனைக்கான கோல்டு சான்று வாங்கிய நேரலை இரட்டை ஆல்பத்தின் பெயர் 'லிவிங் இன் கிளிப்'. ஆம்ப்ளிஃபையர் தாங்காமல் சிவப்பு விளக்கு எரிவதைத்தான் கிளிப் என்பீர்கள். உங்கள் தொழில்மொழியே அட்டையில் ஏறிவிட்டது!

ட்ரம்மர் ஆண்டி ஸ்டோசான்ஸ்கி, பாஸ் வாசித்த சாரா லீ, பின்னர் வந்த டாட் சிக்கஃபூஸ், அலிசன் மில்லர்: தாளமாகவே ஒலிக்கும் கிட்டாருக்குப் பக்கத்தில் எதை வாசிக்காமல் விடுவது என்று தெரிந்தவர்கள் நீங்கள். சுமார் 100 மணி நேர ஒலிநாடாக்களை நம்பிக் கொடுத்த முதுபெரும் நாட்டார் பாடகர் யூட்டா ஃபிலிப்ஸுக்கும் வணக்கம். அந்தக் கதைகளுக்கு ஆனி இசை கோத்து 1996-இல் ஆல்பமாக்கினார். 'இவால்வ்' ஆல்பத்தின் உறை வடிவமைப்புக்காக 2004-இல் ஆனியோடு கிராமி வாங்கிய பிரையன் குருனெர்ட்டுக்கும் எங்கள் அன்பு.

மடலுக்குள் இவ்வளவு கணக்குப் பேசிவிட்டோம், ஆனியே கோபித்துக்கொள்ளக்கூடும். ஆல்பத்துக்கு எத்தனை டாலர் சம்பாதிக்கிறார் என்பதை வைத்துத் தன்னைப் பாராட்டிய மிஸ் என்ற பெண்ணியப் பத்திரிகைக்கு 1997-இல் அவர் எழுதிய திறந்த மடலின் சாரமே, என்னை வியாபாரியாகப் பார்க்காதீர்கள் என்பதுதான். நியாயம்தான். அதனால் இந்தக் கணக்குகளை உங்களுக்கு எழுதுகிறோம், அவருக்கு அல்ல.

நன்றியுடன்,
சொந்தப் பாட்டோடு ஊர் சுற்றும் சிலர்