மூட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா

போதகர் ஐயாவுக்கும், கமிட்டி மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும்,

ஸ்தோத்திரம். இதைக் கமிட்டிக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஜனவரியில் ஒரு தரம், மார்ச்சில் ஒரு தரம் கொடுத்தும் பார்த்தேன். இரண்டும் 'அடுத்த கூட்டத்தில் பேசுவோம்' என்ற பைலுக்குள் போய்விட்டன. அதனால் இந்த முறை நம் ரங்கூன் சபையார் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பந்தி விஷயத்தில் முறுமுறுக்கலாமா என்று கேட்பவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். எருசலேம் சபையில் கிரேக்கு பேசின விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அதைத் தீர்க்கத்தான் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் கமிட்டிக்கெல்லாம் பாட்டன் கமிட்டி அது.

போன கிறிஸ்துமஸ் 'நலத்திட்ட உதவி வழங்கும் விழா'வைப் பற்றித்தான் பேச வந்தேன். (அரிசி கொடுக்க விழா எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறக்காதது என் தப்பு.) ஆல்டருக்கு முன்னால் வினைல் பேனர் கட்டியிருந்தோம். ஒவ்வொரு மூட்டையிலும் கொடுத்த குடும்பத்தின் பெயர் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. மைக்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராக மேடையேறி வாங்கினார்கள். நம் தெருமுனையில் வடை சுட்டு விற்கிற அந்த அம்மாவும் ஏறினார். எழுபதைத் தாண்டிய உடம்பு. மூட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டு இறங்கப் போனவரை, போட்டோ எடுக்கிற தம்பி நிறுத்தினான். "ஸ்டிக்கர் தெரியல, கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா. சிரிங்க." இவர் தூக்கிப் பிடித்தார், சிரித்தார். அன்று ராத்திரியே படம் பேஸ்புக்கில் ஏறிவிட்டது.

ஜனவரி முழுக்க அவரைக் கோயிலில் காணோம். வீட்டுக்குப் போனேன். மூட்டை அடுப்படியில் இருந்தது, பாதி தீர்ந்திருந்தது. ஸ்டிக்கரை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார், பசை தடம் வெள்ளையாய் நின்றது. பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். "அரிசி நல்ல அரிசி தாயி, குறை சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் எனக்கு டீ போட எழுந்துவிட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

இந்த அம்மா யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கைப்பிடி அரிசி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மாதம் தவறாமல் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். உலை வைக்கும்போதெல்லாம், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டு வைப்போம். மாதக் கடைசி ஞாயிறு அதை அப்படியே கோயிலுக்குக் கொண்டுவந்து பெரிய டிரம்மில் கொட்டுவோம். கொட்டியபிறகு யார் அரிசி எது என்று கர்த்தருக்குத்தான் தெரியும். பச்சரிசி, புழுங்கல், மணக்கிற பொசான், ரேஷன் குருணை எல்லாம் ஒன்றாய்க் கலந்திருக்கும். பதினைந்து வருஷம் அதை அளந்து கட்டியவள் நான். கண்டென்ஸ்டு பால் டின்னால் அளப்பேன், எட்டு டின் ஒரு ப்யி, அதாவது பர்மாப் படி. திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரம் பார்த்து, இரண்டு பேராய்ப் போய் வாசல் படியில் வைத்துவிட்டு வருவோம். நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவோம், அரிசியைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். மிசோ சபைகளில் இந்தக் கைப்பிடி அரிசி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அவர்களுடைய மிஷன் வேலையில் கணிசமான பங்கு அந்தப் பிடியில் இருந்துதான் வருகிறது. நாம் மட்டும் 'கணக்குக்குச் சரிப்படவில்லை' என்று நிறுத்திவிட்டோம்.

ஏழை விதவை ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கின கதையை அறுப்பின் பண்டிகை தோறும் பிரசங்கிக்கிறோம். போவாஸ் தன் வேலைக்காரரிடம் என்ன சொன்னான்? அரிகளில் சிலதை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதீர்கள் என்றான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஒரு மூட்டையைக் கையில் கொடுத்திருக்கலாமே! அவள் தன் உழைப்பில் பொறுக்கிக்கொண்டதாகவே இருக்கட்டும் என்று விட்டான். அதே பண்டிகையில் நாம் ஒரு பூசணிக்காயை ஏலம் விட்டு, கடைசியாகக் கேட்டவர் பெயரை மூன்று தரம் மைக்கில் சொல்கிறோம். ஏலத்தைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கும். கொடுக்கிறவர் பெயரை நூறு தரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். வாங்குகிறவர் பெயரை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பட்டியல். ஞானஸ்நானம் எடுத்து, சந்தா பாக்கி இல்லாதவர்களுக்குத்தான் உதவி என்று போன வருஷம் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். சாதாரண நாளில் அது ஒரு நிர்வாக விதி, சரி. இப்போது என்ன நாள்? 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு நம் தெருவில் எத்தனை வீட்டுப் பையன்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிழவனும் கிழவியும் பேரப்பிள்ளையும் மட்டும் இருக்கிற வீடுகள். பணம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அவர்களில் ரொம்பப் பேர் சந்தா பாக்கி வைத்தவர்கள்தான். பாக்கி வைத்ததால்தானே நம்மிடம் வர வேண்டியிருக்கிறது?

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் பெரியவர் இறந்தபோது நம் ஆபீசில் முதலில் கேட்டது சந்தா ரசீது. அந்தக் குடும்பம் இலவச இறுதிச் சேவைச் சங்கத்துக்குப் போன் போட்டது. 2001-இல் சினிமாக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது, இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. வண்டி வந்தது. என்ன மதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஆள் ஒருவரை அவர்கள் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் கேட்டில் நின்று ஜெபம் பண்ணினோம். எனக்கு அன்று தலை நிமிரவில்லை.

2008-ஐ மறந்துவிட்டோமா? மே 2 ராத்திரி தொடங்கி மறுநாள் சனிக்கிழமை வரை நர்கிஸ் அடித்தது. ஐராவதி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டார்கள். நம் பக்கம் உயிர் தப்பியது, கூரை தப்பவில்லை. கோயில் தகரம் பக்கத்து வாய்க்காலில் கிடந்தது. நாங்கள் முப்பது நாற்பது பேர் பொங்கியார் மடத்தில்தான், அதாவது புத்த பிக்குகள் மடத்தில்தான், தங்கினோம். மடத்து அடுப்பில் சோறும் பருப்புத் தண்ணியும், ஒரு நாள் மீன்கூட. ஞாயிற்றுக்கிழமை நம் போதகர் அந்த மடத்துத் திண்ணையின் ஒரு ஓரத்தில்தான் ஆராதனை நடத்தினார். பாட்டு முடிகிறவரைக்கும் இளம் பொங்கிகள் பாத்திரம் கழுவாமல் காத்திருந்தார்கள், சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று. எங்களைப் பார்த்து அந்த மடத்தில் கேட்ட ஒரே கேள்வி, இந்த நாட்டில் வழியில் பார்க்கிற எவரும் கேட்கிறதுதான்: "தமின் சா பீ பீ லா?" சோறு சாப்பிட்டாச்சா.

அவர்கள் வருகிறவருக்கெல்லாம் போடுகிற அந்தச் சாப்பாட்டுக்குச் 'சதுதிதா' என்று பெயர். பாலி வார்த்தை, நம் சதுர்திசைதான் அது. நாலு திசையிலிருந்து யார் வந்தாலும் இலை உண்டு. 2014 முதல் 2017 வரை உலகக் கொடைப் பட்டியலில் மியான்மர்தான் முதலிடம், அதில் 2014-இல் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து. பணக்கார நாடு என்பதாலா வந்தது அந்த இடம்?

நம்மாலும் முடியும் என்பதற்குப் போன வருஷமே சாட்சி. 2025 மார்ச் 28 மத்தியானம் மண்டலே, சகாயிங் பக்கம் பூமி ஆடியது. அளவு 7.7. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் என்பதால் பள்ளிவாசல்களுக்குள்ளேயே எத்தனையோ பேர் மாண்டார்கள். நம் வாலிபர்கள் சில நாளிலேயே தண்ணீர், தார்ப்பாய், ஓஆர்எஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். யார் கையில் கொடுத்தீர்கள் என்று திரும்பி வந்தவர்களிடம் கேட்டேன். "யார் நீட்டினாங்களோ அவங்க கையில, ஆன்ட்டி" என்றான் ஒருவன். அந்த லாரியில் ஸ்டிக்கர் ஒட்ட யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

என் விண்ணப்பம் பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பர் படங்களை இந்த வாரமே பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கொடுப்பவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்று பொருளாளர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, என்ன விலை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், மூன்று வரி போதும். அதற்கு யார் முகமும் வேண்டாம். அடக்கத்துக்கு ரசீது கேட்கிற வழக்கத்தை நிறுத்துங்கள், பாக்கியை அப்புறம் பேசிக்கொள்ளலாம். கைப்பிடி அரிசியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பட்டியலில் இல்லாத வீடுகளுக்கும் அது போகட்டும், பர்மாக்காரர், முஸ்லிம், முனீஸ்வரன் கோயில்காரர் யாராக இருந்தாலும். டிசம்பர் மட்டும் பசிக்கிறவர் யாரும் நம் தெருவில் இல்லை.

அளக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள், எனக்கு இன்னும் கை இருக்கிறது. பழைய டிரம் சாமான் அறையில், நாற்காலிகளுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறது. போன வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அடி துருப்பிடிக்கவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை வந்து கழுவி வெயிலில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
சபையின் பழைய அரிசிக்காரி,
ரங்கூன்