தொடாதே என்று சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்றோடு ஒரு வருடம். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். ஆனால் நான் செய்தது முப்பது பேர் பார்க்க நடந்தது. வருத்தத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது நியாயமாகப் படவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை என்பதும் உண்டு. இரண்டில் எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு கூடத்தில் பார்வையாளர்கள் முன்னால் நின்று அந்தக் கிழவரின் படத்தை நான் வரைந்த பத்து நாட்கள் எப்படி ஏற்பாடாயின, நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், இவற்றையெல்லாம் தாண்டிப் போகிறேன். நீங்கள் வராத முதல் நான்கு நாட்களைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

முதல் நாள் காலையிலேயே, தைல வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைன் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூடிய கூடம், வாடை வெளியேறாது, பார்க்க வருகிறவர்களுக்குத் தலை வலிக்கும். சொன்னதில் தவறில்லை. ஆகவே தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வண்ணம். பதினொரு வருடம் தைல வண்ணத்தில் பழகிய கை இது. இன்று செய்த பிழையை நாளை காலை கத்தியால் வழித்துவிடலாம் என்ற தெம்பிலேயே வளர்ந்த கை. அக்ரிலிக் பத்து நிமிடத்தில் இறுகிவிடுகிறது. ஈரத்தில் பால் கலந்ததுபோல் வெளிறித் தெரிகிற பசை, காய்ந்ததும் தெளிந்து, நிறம் ஒரு படி இருண்டுபோகிறது. நான் கலந்த தோல்நிறம் எதுவும் கலந்தபடி நிற்கவில்லை. மேலே மஞ்சள் விளக்குகள் வேறு. அந்த வெளிச்சத்தில் நீலம் செத்துக் கிடந்தது. போதவில்லை, போதவில்லை என்று அள்ளி வைத்தேன். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது கிழவரின் கன்னம் யாரோ அறைந்ததுபோல் கன்றிப்போயிருந்தது.

இவையெல்லாம் தொழில் தொந்தரவுகள், பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: பின்னால் நகர முடியாதது. கித்தானிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்காமல் நாம் ஒரு கோடும் நம்பி வைத்ததில்லை. அங்கே தரையில் நாடா ஒட்டி, அதற்கு அப்பால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் அந்த நாடாவை மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் நின்றார்கள். ஓர் அடி பின்வாங்கினால் ஒருவருடைய கால். இரண்டு அடி வாங்கினால் ஒருவருடைய தொலைபேசி. படத்தை முழுதாகப் பார்க்க வாய்த்தவர்கள் அவர்கள்தான். நான் மூக்கை உரசிக்கொண்டு வரைந்தேன்.

கேள்விகள் இருக்கவே இருந்தன. எவ்வளவு நேரம் ஆகும், புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்களா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா. ஒரு சிறுமி மட்டும் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு ஏன் இன்னும் கண் வைக்கவில்லை?" என்று கேட்டாள். வைக்கப் பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். அந்தப் பத்து நாட்களில் எனக்குக் கிடைத்த நல்ல விமர்சகர் அவள்தான். (நீங்கள் இரண்டாவது. கோபித்துக்கொள்ளுங்கள்.)

ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் மேலே எழுத முடியும். எனக்கு அது பிடித்திருந்தது. நம் அறையில் நாள் முழுக்க வரைந்தால் காதில் விழுவது தூரிகை உரசும் ஓசையும் உங்கள் பெருமூச்சும்தான். அங்கே ஒரு கோடு சரியாக விழுந்தால் பின்னால் முப்பது பேர் மூச்சை இழுப்பது முதுகில் தெரிகிறது. இரண்டாம் நாளே அந்தச் சத்தத்தை எப்படி வரவழைப்பது என்று கற்றுக்கொண்டேன். அகலத் தூரிகையில் வண்ணத்தை நிறைத்துக்கொள்ள வேண்டும், முழங்கையிலிருந்து வீச வேண்டும், வீசுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம் படத்துக்குத் தேவையே இல்லை.

ஐந்தாம் நாள். அந்தக் கை.

முழங்காலில் ஊன்றிய இடது கை. மூன்று விரல்கள் முடிந்திருந்தன. சுட்டுவிரல் பாதிதான், மீதியில் கித்தானின் அடிப்பூச்சுக் காவி நிறம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் ஒரு கறை, அவ்வளவுதான். கூட்டத்துக்குள்ளிருந்து, பதினொரு வருடமாக நான் கேட்ட அதே தாழ்ந்த குரலில், "இந்தக் கையை இனித் தொடாதே" என்றீர்கள்.

நீங்கள் வந்ததே எனக்குத் தெரியாது. திரும்பியபோது எத்தனை சந்தோஷம் வந்தது என்பதை நீங்கள் நம்பப்போவதில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் அதைச் சொன்னேன்: "பார்த்தீர்களா, படம் வரைவது நான், முடித்துவைப்பது இவர்!" எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். நீங்கள் சிரிக்கவில்லை. நான் டைட்டேனியம் வெள்ளையை அள்ளி, நிறுத்தி, முழங்கையிலிருந்து வீசி, நான்கு விரல் முட்டிகளின் மேலும் ஒரே இழுப்பாக ஒளியை இழுத்தேன். கை தட்டினார்கள். நீங்கள் பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு கிளம்பினீர்கள். அதற்குள் வெள்ளை காயத் தொடங்கியிருந்தது.

மன்னியுங்கள். முப்பது பேர் முன்னால் உங்களைச் சிரிப்பாக்கினேன். அதற்காக மட்டும். அந்த வெள்ளைக் கோட்டுக்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. படத்தை அது கெடுத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொரு வருடத்தில் என் படம் ஒன்றை நானே கெடுத்தது அதுதான் முதல்முறை. அதுவரை ஒவ்வொரு படமும் நீங்கள் 'போதும்' என்ற இடத்தில் நின்றது. நல்ல இடங்களில்தான் நின்றது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆங்கில ஓவியர் டர்னரின் கதையைச் சொல்வீர்களே. 1834-இல் லண்டனில் நாடாளுமன்றம் எரிந்தது; அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன் கண்காட்சிக்கு அவர் ஏறக்குறைய வெறும் கித்தானை அனுப்பிவிட்டு, ஓவியர்கள் கடைசியாக வார்னிஷ் பூச ஒதுக்கியிருந்த நாளில், மற்றவர்கள் சூழ்ந்து நிற்க, அந்தத் தீயை அங்கேயே வரைந்து முடித்தார். ஒருமுறையும் தள்ளி நின்று பார்க்கவில்லை. முடிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டு, படத்தைத் திரும்பிப் பாராமல் நழுவிவிட்டார். அவர் துணிச்சலுக்காக அந்தக் கதையைச் சொல்வீர்கள். முடிந்துவிட்டது என்பதை அவருக்கு யாரும் பின்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை ஒரு தடவைகூட நீங்கள் சொன்னதில்லை.

இந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் படித்தேன். 1965-இல் ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார்: பிறர் பார்க்கும்போது நன்றாகப் பழகிய செயல் இன்னும் சரளமாக வரும், புதிதாகக் கற்கும் செயல் தடுமாறும். பிறகு அவரும் சகாக்களும் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்ற கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொண்டிருந்தால் நேர் பாதையில் வேகமாக ஓடினவாம், சிக்கலான பாதையில் தாமதமாயினவாம். அந்த வெள்ளைக் கோடு என் நேர் பாதை. ஆயிரம் முறை இழுத்த கோடு. கண் வைக்காத கிழவரின் பாதி விரலை அப்படியே விட்டுவிடுவது எனக்குப் பழகாத வேலை; அதை நமக்குள் நீங்கள்தான் செய்துகொண்டிருந்தீர்கள். சாக்கு சொல்கிறேன் என்பீர்கள். ஆமாம், சாக்குதான். ஆனால் சரியான சாக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஊரில் இல்லாத ஓர் இரவில் என் நீளப் படத்தின் வலது மூலையில் நடந்தது. அதை இங்கே விரிக்கமாட்டேன். காலையில் அந்த மூலை முன்பைவிட நன்றாக இருந்தது என்பதையும், அதை நான் செய்யவில்லை என்பதையும், மூன்று வருடமாக இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் மட்டும் எழுதிவைக்கிறேன். படிக்கிறவர்கள் தவறாக நினைக்க வேண்டாம்: எனக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித் தந்தவர்களில் இவருக்கு நிகராக ஒருவரும் இல்லை.

இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். எனக்குப் பின்னால் எட்டு அடி காலியாக இருக்க வேண்டும், நாடா போதாது, கயிறு கட்ட வேண்டும், பகல் வெளிச்ச விளக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உங்களை அழைக்கப்போவதில்லை. வந்துவிடாதீர்கள்.

இந்த மாதக் கடைசியில் அறையின் சாவியையும் கொடுத்துவிடுவேன். பெரிய தாங்கியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். அதன் இடது திருகு நழுவுகிறது. பழைய தூரிகைக் காம்பு ஒன்றைச் சீவிச் செருகியிருக்கிறேன், பிடுங்கிவிடாதீர்கள், கித்தான் உங்கள் காலில் விழும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துவைக்காமல் விரித்துக் காயப்போடுங்கள். குவியலில் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லித் தந்த நீங்களே அதை மறந்துவிடுகிறீர்கள். கிழவர் சுவரைப் பார்த்து நிற்கிறார். அவரை எடுத்துப்போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

போவதற்கு முன் ஒரு சந்தேகம். அன்று தொடாதே என்றீர்களே, எதைப் பார்த்துச் சொன்னீர்கள்? சுட்டுவிரலில் காவி தெரிந்த இடத்தையா, அல்லது அந்தக் கட்டைவிரல் கறையையா? ஒரு வருடமாக அந்தக் கையை மனதுக்குள் வரைந்து பார்க்கிறேன், இரண்டில் எது என்று பிடிபடவில்லை. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் வேண்டாம்.