வால்யூம் குமிழில் எனக்குக் கிடைத்தது ஒரு மயிரிழை இடம்தான்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீட்டு சிடி பிளேயருக்குப் பொருந்தாத ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் – சரிசெய்து தரவோ திரும்பப் பெறவோ கோருதல்

ஐயா/அம்மா,

வணக்கம். உங்கள் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரை வாங்கி ஆறு வாரம் ஆகிறது. இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. அதனால் இந்த முறை மல்டிமீட்டரை எடுத்து அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பாட்டுக் கேட்பது என் வழக்கம். சிடி பிளேயரின் பின்பக்கத்து ஆர்சிஏ அவுட்புட்டிலிருந்து உங்கள் ஆம்ப், அதிலிருந்து ஹெட்ஃபோன். மெதுவாகக் கேட்கத்தான் இவ்வளவும். அந்த மெதுவாகக் கேட்பதுதான் முடியவில்லை. குமிழ் கடிகாரத்தின் 7 மணி இருக்கும் இடத்தில் தொடங்குகிறது. லேசாக நகர்த்தினால் இடது காதில் மட்டும் பாட்டு, வலது காது ஊமை. இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினால் வலதும் வந்து சேர்கிறது, ஆனால் அதற்குள் சத்தம் எனக்கு வேண்டிய அளவைத் தாண்டிவிடுகிறது. 8 மணிக்கு மேல் நான் குமிழைக் கொண்டுபோனதே இல்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. சிடி பிளேயர் பொதுவாக 2 வோல்ட் வரை கொடுக்கும், என்னுடையதும் அப்படித்தான். என் ஹெட்ஃபோன் 32 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல், அதுவே பெரிய சத்தம். அந்த 1 மில்லிவாட்டுக்குத் தேவை வெறும் 0.18 வோல்ட். அதாவது பிளேயரிடமிருந்து வருவதே பத்து மடங்குக்கு மேல் அதிகம். அதை இன்னும் பெருக்க வேண்டிய அவசியமே இல்லை, கரண்ட் மட்டும் கொடுத்தால் போதும். உங்கள் ஆம்ப் என்ன செய்கிறது? 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டி, குமிழை முழுக்கத் திறந்து அளந்தேன். உள்ளே 0.2 வோல்ட், வெளியே 2 வோல்ட். பத்து மடங்கு பெருக்கம், அதாவது 20 டெசிபெல் கெயின். குறைக்க ஒரு சுவிட்ச்கூட இல்லை. வேண்டாத சத்தத்தையெல்லாம் குமிழே விழுங்க வேண்டியிருக்கிறது. இரண்டு காதுக்கும் ஒரே குமிழில் சத்தத்தை மாற்றும் இரட்டை வால்யூம் கண்ட்ரோல்கள் அடிமட்டத்தில்தான் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது என்பது இதைச் செய்கிறவர்களுக்குத் தெரியாததா?

முதல் கடிதத்துக்கு, "பிளேயரிலேயே வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். சிடி பிளேயரின் அந்த அவுட்புட்டில் வால்யூமே கிடையாது. சரி, சொன்னீர்களே என்று நெட்வொர்க் பிளேயர் ஒன்றை இணைத்து அதன் டிஜிட்டல் வால்யூமை 24 டெசிபெல் இறக்கிப் பார்த்தேன். 6 டெசிபெல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில், பிளேயர் 16 பிட்டிலேயே வேலை செய்தால் பாட்டின் நுணுக்கத்தில் 4 பிட் போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் ஆம்பின் 'உஸ்' என்ற சீறல், குமிழை முழுக்க இறக்கினாலும் அப்படியே இருக்கிறது. குமிழுக்குப் பின்னால் இருக்கும் பகுதியிலிருந்து அது வருகிறது என்று நினைக்கிறேன். பாட்டை மட்டும் கீழே இறக்கினால் சீறல்தான் முன்னால் வந்து நிற்கிறது. போதாததற்கு, அந்த பிளேயர் ஒரு நாள் அப்டேட் ஆகி, வால்யூமை மறந்து முழு அளவில் தொடங்கியது. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்ததில் அதன் பட்டை விரிசல் விட்டது. காது தப்பியது.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வீங்கிக் கேட்கிறது என்றதற்கு இரண்டாவது பதில், "ஹெட்ஃபோனில் பேஸ் அதிகமாக இருக்கலாம்" என்றது. வேறு ஆம்பில் அதே ஹெட்ஃபோன் ஒழுங்காகத்தான் பாடுகிறது. அதனால் உங்கள் ஆம்பை அளந்தேன். ஒன்றும் மாட்டாமல் 1 வோல்ட் வைத்துவிட்டு 33 ஓம் ரெசிஸ்டரை மாட்டினேன், 0.22 வோல்ட்டாக விழுந்தது. அப்படியானால் உங்கள் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை, ஏறக்குறைய 120 ஓம். என் ஹெட்ஃபோன் பேஸ் பகுதியில் 32 ஓமிலிருந்து 64 ஓம் வரை ஏறக்கூடியது. 120 ஓமுக்குப் பின்னால் அதை மாட்டினால் அந்தப் பகுதி மட்டும் 4 டெசிபெல்லுக்கு மேல் வீங்கும். 1 ஓமாக இருந்தால் கால் டெசிபெல்கூட வராது. ஹெட்ஃபோனின் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்பின் இம்பிடன்ஸ் இருக்க வேண்டும் என்பார்கள். 32 ஓமுக்கு 4 ஓம்.

120 ஓம் என்பது ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 1996-இன் 61938 தரநிலை சொன்ன அளவு என்று உங்கள் பொறியாளர் மூன்றாவது பதிலில் விளக்கியிருந்தார். உண்மைதான். கூடவே, "இது 300 ஓம் ஹெட்ஃபோன்களை மனதில் வைத்துச் செய்தது" என்றும் எழுதியிருந்தார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பெட்டியின் மேல் நீங்கள் அச்சிட்டிருப்பது "16 முதல் 600 ஓம் வரை, எல்லா வீட்டு ஆடியோ கருவிகளுக்கும் பொருந்தும்". 300 ஓமுக்கானது என்று அன்றே போட்டிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். கெயின் எவ்வளவு, அவுட்புட் இம்பிடன்ஸ் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் பெட்டியில் இல்லை, கையேட்டில் இல்லை. முன்பக்க உலோகத் தகட்டின் தடிமனை மட்டும் மில்லிமீட்டரில் கொடுத்திருக்கிறீர்கள்.

பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டரை மாற்றிக் கெயினைக் குறைக்க எனக்கே தெரியும். திருகைக் கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள், அதனால் தொடவில்லை.

எனவே, கெயினை இரண்டு மடங்குக்கும் அவுட்புட் இம்பிடன்ஸை 4 ஓமுக்குள்ளும் கொண்டுவந்து, வாரண்டியோடு திருப்பிக் கொடுங்கள். முடியாதென்றால் ஆம்பை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் போகவர ஆகும் அனுப்புச் செலவையும் கொடுங்கள். ஹெட்ஃபோன் பட்டைக்கு நான் எதுவும் கேட்கவில்லை, எறிந்தது நான்தான். பெட்டியில் அந்த இரண்டு எண்களையும் அச்சிடப்போகிறீர்களா என்பதையும் தெரிவியுங்கள். 10 நாட்களுக்குள் பதில் வேண்டும். ஹெட்ஃபோனை மாற்றச் சொல்லும் பதிலாக இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், மீட்டர் அளவுகளின் நான்கு படங்கள், பெட்டியின் மேலட்டைப் படம்