பெட்டி அழகுதான், டேப் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் வெளிவராத பதிவுகளைத் திரட்டிய 'ஆந்தாலஜி' என்ற தொகுப்பின் மறுபதிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 12 இசைத்தட்டுகள், கெட்டி அட்டைப் பெட்டி, விலை என்று எல்லாம் விலாவாரியாக இருந்தது. ஆனால் உள்ளே இருக்கிற பதிவுகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரிகூட இல்லை. முன்பு வெளிவராதது என்று சொல்லி விற்கிற தட்டில் முதலில் கேட்க வேண்டியதே அதுதானே? எந்த டேப், யார் பதிவு செய்தார்கள், இத்தனை வருடம் யாரிடம் கிடந்தது, நடுவில் வெட்டி ஒட்டினார்களா. இதைச் சொல்லாமல் பெட்டியைப் புகழ்வது விளம்பரத்துக்குத்தான் உதவும்.

ஒன்றைச் சொல்கிறேன். 1958 ஜூலையில் லிவர்பூலில் ஒருவர் தன் வீட்டிலேயே நடத்திய சின்ன ஸ்டுடியோவில் லெனான், மெக்கார்ட்னி, ஹாரிசன், இன்னும் இரண்டு பேர் போய் இரண்டு பாட்டு பதிவு செய்தார்கள். அப்போது அவர்கள் பீட்டில்ஸ் கூட இல்லை, குழுவின் பெயர் குவாரிமென். கையில் கிடைத்தது ஒரே ஒரு தட்டு, ஐந்து பேரும் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், கடைசியில் பியானோ வாசித்த ஜான் லோவிடம் தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார், 1995இல் ஆந்தாலஜியின் முதல் தொகுதியில் உலகம் கேட்டது. கேட்டது என்றாலும் முழுதாக இல்லை, அவர்களே எழுதிய பாட்டைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கித்தான் போட்டார்கள். நாற்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாகக் காத்திருந்தவனுக்கு அதையும் முழுசாகத் தரவில்லை! ஆனாலும் அந்தத் தொகுதியில் எது எங்கே, எந்தத் தேதியில் பதிவானது என்று பீட்டில்ஸ் வரலாற்றை எழுதுகிற மார்க் லூயிசன் எழுதிய குறிப்புகளை உள்ளேயே சேர்த்திருந்தார்கள். எனக்குப் பாட்டுக்கு இணையாக அதுவும் பிடிக்கும்.

2025இல் புதிதாகச் சேர்த்த நான்காம் தொகுதிக்கு வருவோம். அதில் 36 பதிவுகள், அதற்கு முன் வெளிவராதவை 13தான். மற்றவை ஏற்கெனவே வந்தவை. காசு போட்டு வாங்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டாமா? கட்டுரையில் இது இல்லை.

இன்னொரு விஷயம். இசைத்தட்டு என்றாலே டேப்பிலிருந்து நேராக வந்த சுத்த அனலாக், அதாவது நடுவில் டிஜிட்டலாக மாற்றாத ஒலி என்று பலரும் நம்புகிறார்கள். 2022இல் பழைய ஆல்பங்களைத் தட்டாக மறுபதிப்பு செய்கிற அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம், தன் தட்டுகள் பலவற்றில் நடுவே டிஜிட்டல் பிரதியைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது, வழக்கு வரை போனது. காதுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. டிஜிட்டல் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அட்டையில் உண்மையை எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். பெங்களூரில் நான் போகிற ஒரு கடையில் 'ஒரிஜினல் டேப்பிலிருந்து' என்று ஸ்டிக்கர் ஒட்டாத தட்டே கிடையாது. எந்த டேப் என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்.

பாலக்கோட்டுக்காரனுக்கு லிவர்பூல் டேப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மைக் செட் தொழில். திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும், அப்பா ஆம்பிளிஃபயரோடு ஒரு டேப் ரெக்கார்டரைக் கோத்து 90 நிமிட கேசட்டில் பிடிப்பார். ஒரு பக்கம் 45 நிமிடம், அதனால் கேசட்டைத் திருப்புகிற நேரத்தில் கர்ணன் பாடிக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டின் நடுவில் ஒரு அடி காணாமல் போயிருக்கும், அப்புறம் மிருதங்கம் மட்டும் திடீரென்று வரும். அட்டையில் அப்பா ஊர் பெயரையும் வருடத்தையும் பென்சிலில் எழுதி வைப்பார். எழுதாத கேசட்டுகளை நாங்களே சினிமாப் பாட்டு ஏற்றி அழித்தோம், ஏனென்றால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எழுதியவை இன்னும் பெட்டியில் இருக்கின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1962 டிசம்பரில் ஸ்டார் கிளப்பில் பீட்டில்ஸ் பாடியதையும் வீட்டு டேப் ரெக்கார்டரில்தான் பிடித்தார்கள், 1977இல் அது தட்டாக வந்தபோது இரைச்சலோடுதான் வந்தது, வாங்கியவர்கள் வாங்கினார்கள். எங்கள் கேசட்டும் அந்த ரகம்தான்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு மறுபதிப்பைப் பற்றி எழுதும்போது, பெட்டியின் படத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, எத்தனை பதிவு நிஜமாகவே புதிது, மூல டேப் யாரிடம் இருந்தது, தட்டில் ஒலியைப் பதித்தது டேப்பிலிருந்தா டிஜிட்டல் ஃபைலிலிருந்தா என்று போடுங்கள். நான்கு வரி போதும். விலையை நாங்களே விசாரித்துக் கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.