பாத்திரம் கழுவுகிறவர் பெயரும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகின் செல்வாக்கு மிக்க உணவகங்கள் பற்றியும் ஃபேஷன் உலகம் பற்றியும் சென்ற இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையர்களோடு பேசுவதே என் வேலை என்பதால் ஃபேஷன் கட்டுரையைத்தான் முதலில் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஃபேஷன் நிறுவனங்கள் ஏன் உணவகம் திறக்கின்றன என்ற பகுதி ரொம்பப் பிடித்தது. பிராடா 2014இல் மிலானின் பழம்பெரும் மார்க்கேசி இனிப்புக் கடையை வாங்கியதையும், கூச்சி 2018இல் மாசிமோ பொத்தூரா என்ற இத்தாலிய செஃப்பை வைத்து ஃபிளாரன்ஸில் உணவகம் தொடங்கியதையும் சேர்த்துக் காட்டியிருந்தார்கள். லட்சக்கணக்கில் விலை போகிற கைப்பையை வாங்க முடியாதவர், அதே பெயர் போட்ட கோப்பையில் ஒரு காப்பியாவது குடித்துவிட்டுப் போகலாம். இந்த வியாபாரக் கணக்கை இவ்வளவு எளிமையாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆனால் இரண்டு கட்டுரைகளிலும் ஒரே குறை. உணவகம் என்றால் ஒரு செஃப், ஃபேஷன் என்றால் ஒரு டிசைனர். மீதிப் பேர் எங்கே போனார்கள்?

கோபன்ஹேகனின் நோமா உணவகத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 2003இல் தொடங்கியது, 2010இல் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது, 2021இல் உணவகங்களைத் தரம் பிரிக்கிற மிஷலின் கையேட்டின் மூன்றாவது நட்சத்திரம் வாங்கியது எல்லாம் இருக்கிறது. எறும்பும் பாசியும் தட்டுக்கு வந்த கதையும் இருக்கிறது. அந்தச் சமையலறையில் கீரை ஆய்ந்து, ஒவ்வொரு இலையாகத் தட்டில் அடுக்கியவர்களில் பலர் சம்பளமே இல்லாத பயிற்சியாளர்கள் என்பது மட்டும் இல்லை. 2022 அக்டோபரில்தான் நோமா அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து, 2023 ஜனவரியில், இந்த மாதிரி உணவகம் இனிக் கட்டுப்படியாகாது, வழக்கமான சேவையை நிறுத்தப் போகிறோம் என்று அதன் செஃப் ரெனே ரெட்ஸெப்பி அறிவித்தார். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லாமல் நோமாவின் கணக்கு வாசகருக்குப் புரியாது. ஸ்பெயினின் எல் புல்லி உணவகத்திலும் இதே வழக்கம்தான். ஒரு இரவுக்கு ஐம்பது பேர் சாப்பிடுகிற அந்த இடத்தில் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய, உலகம் முழுவதிலுமிருந்து இளம் சமையல்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். 2011 ஜூலையில் எல் புல்லி மூடப்பட்டபோது, அதன் செஃப் ஃபெரான் அட்ரியா பெயரைத்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதியது.

அதே நோமாவில்தான் அலி சோன்கோவும் இருந்தார். காம்பியாவில் பிறந்தவர். உணவகம் தொடங்கிய ஆண்டிலிருந்து அங்கே பாத்திரம் கழுவியவர். 2010 விருது விழாவுக்கு லண்டன் போக அவருக்கு விசா கிடைக்கவில்லை. மேடையேறிய நோமா குழுவினர் அவருடைய முகம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார்கள். 2017இல் அவரை உணவகத்தின் பங்குதாரர்களில் ஒருவராகவே ஆக்கினார்கள். டி-ஷர்ட் தைக்கிற ஊர்க்காரி என்பதாலோ என்னவோ, அந்தப் புகைப்படம் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. சாப்பாடும் உடையும் சந்தித்த இடம் எது என்று யாராவது கேட்டால், கூச்சியின் உணவகத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். உங்கள் கட்டுரையில் சோன்கோவுக்கு ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

ஃபேஷன் கட்டுரைக்கு வருகிறேன். பாரிஸின் தையல் கூடங்களைப் பற்றி அழகாக எழுதிவிட்டு, அங்கே ஊசி பிடித்த பெண்களை விட்டுவிட்டீர்கள். 1917 மே மாதம், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஷான்ஸெலிஸே பக்கம் இருந்த ழென்னி என்ற தையல் நிறுவனத்தில் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை இல்லை, அதற்குக் கூலியும் இல்லை என்று நிர்வாகம் சொன்னதுதான் காரணம். அது பாரிஸ் முழுவதும் பரவி, ஆயிரக்கணக்கான தையல் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கூலி குறையாமல் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை தருகிற சட்டம் அடுத்த மாதமே நிறைவேறியது. பாரிஸ் ஃபேஷனின் வரலாற்றில் இதற்கு இடமில்லை என்றால் வேறு எதற்கு இடம்?

பழைய கதை வேண்டாம் என்றால் 2024 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோருக்குச் சொந்தமான, பை தயாரிக்கும் இத்தாலிய நிறுவனத்தை மிலான் நீதிமன்றம் தன் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கண்காணிப்பு விலக்கப்பட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வழக்கின் ஆவணங்களில் வந்த எண்கள் அப்படியே நிற்கின்றன. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பைக்கு, தோல் போன்ற மூலப்பொருள் செலவு நீங்கலாக, ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்பட்டது 53 யூரோ. தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கினார்கள், வேகமாக ஓட்டுவதற்காக மெஷின்களில் பாதுகாப்புச் சாதனங்கள் கழற்றப்பட்டிருந்தன என்றெல்லாம் விசாரணையில் வந்தது. எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஆர்டர் எடுப்பவர் ஒருவர், அதைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க்காரர் ஒருவர், அவரிடமிருந்து ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கித் தைப்பவர் இன்னொருவர். ஒவ்வொரு படியிலும் விலை இறங்கும். கடைசிப் படியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது, அல்லது தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. மிலானிலும் இதேதான் நடக்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பெயர் சொல்லச் சொன்னால் சொல்லத்தான் செய்கிறார்கள். 2025 ஜூனில் பிராடா தன் மேடையில் கோலாப்பூர் செருப்பைப் போலவே ஒன்றைக் காட்டி, வெறும் தோல் செருப்பு என்று மட்டும் சொன்னது. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. மகாராஷ்டிரத்தில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலைப் பெற்றுத் தந்தது நம் நாட்டில் எழுந்த சத்தம்தான். அதனால்தான் பத்திரிகைகளிடம் இதைக் கேட்கிறேன்.

அப்புறம், நம்மவர் ஒருவரையும் சேர்த்திருக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியிலிருந்து போன விஜய் குமார், நியூயார்க்கின் செம்மா உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் வாங்கித் தந்தவர். 2025இல் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு வாங்கினார். அங்கே பரிமாறுகிற நத்தைப் பிரட்டலை, சிறுவயதில் வயல்களில் நத்தை பொறுக்கிய நாட்களோடும் தன் வீட்டுச் சமையலோடும் சேர்த்தே எப்போதும் பேசுகிறார். தனக்கு ருசி கற்றுக் கொடுத்தவர்களை அவர் மறைக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2023 மார்ச்சில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் டியோர் நடத்திய நிகழ்ச்சியின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த எம்பிராய்டரியைச் செய்தது மும்பையின் சாணக்யா நிறுவனம். பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுத் தருகிற பள்ளியும் அவர்களுக்கு இருக்கிறது. உங்கள் நிருபரை ஒருமுறை அங்கே அனுப்புங்கள். ஒரு சட்டைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, அதற்கு என்ன கூலி, பாரிஸ் கடையில் என்ன விலை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அந்த இதழைக் கூடுதலாகவே வாங்கி எங்கள் செக்கிங் செக்‌ஷனில் எல்லோருக்கும் கொடுக்க நான் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருப்பூர்