பங்காரம் போய் வந்தேன்

அன்புத் தோழிக்கு,

தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். உனக்குப் பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது செய்தித்தாளைத் தானே எடுத்துப் படிக்கிறார்.

"இந்த வயதில் கடலுக்குள் குதித்தே ஆக வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், குதித்தே ஆக வேண்டும். நாகமரைத் துறையில் பரிசலிலிருந்து காவிரியில் குதித்து வளர்ந்தவர்கள் நாம். நீரைக் கண்டு நான் அஞ்சியதே இல்லை. ஆனால் அங்கே நீருக்குள் கண்ணைத் திறந்தால் கலங்கல்தானே தெரியும். நான் போய் வந்த லட்சத்தீவின் பங்காரம் தீவில் அப்படியில்லை.

மகளும் மருமகனும் கூட வந்தார்கள். கொச்சியிலிருந்து சிறிய விமானத்தில் அகத்தித் தீவு, மறுநாள் காலை அங்கிருந்து படகில் பங்காரம். பங்காரம், தின்னகரை, பரளித் திட்டுகள் எல்லாம் ஒரே பவளத்திட்டு வளையத்துக்குள் இருக்கின்றன. வளையத்துக்கு வெளியே கடல் கருநீலம். படகு தூக்கிப் போட்டது. உள்ளே நுழைந்ததும் காயல் வெளிர்பச்சையாகி, அடியில் கிடக்கும் மணல் வரை தெரிந்தது.

முதலில் மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கல் குழாயோடு நீரின் மேல் மிதந்தேன். என் முகத்துக்கு நேர் கீழே ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. பொரி மெல்லுவது போன்ற அந்தச் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. பாறையோடு பாசியைத் தின்று, அரைத்த சுண்ணாம்பை மணலாக வெளியேற்றும் மீன் அது. கரையில் நான் நடந்து வந்த வெண்மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததுதானாம். சற்றுத் தள்ளிக் கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த பேராமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது.

பிறகு காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும் ஸ்கூபா. பயிற்சி தந்தவர் தீவுக்காரர்; மலையாளத்தில் பேசினார். நீருக்குள் எல்லாம் சைகைதான். அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போக வேண்டும் என்று பொருள். நலமாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிவிடும். அதனால் காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்கினேன். கீழே போனதும், மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கோயில் கயிறு கறுத்துவிட்டிருந்தது. நீருக்குள் இறங்க இறங்க ஒளியில் முதலில் மறைவது சிவப்புதான். மேலே வந்ததும் கயிறு மறுபடியும் சிவந்தது.

இவ்வளவு அழகுக்கு நடுவிலும் மனம் கனத்தது. கிளைக்கிளையாக நின்ற பவளங்களில் பல செத்து, பாசி படிந்திருந்தன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவள உயிரிக்குள் இருந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளிறிப் பட்டினியில் சாகிறது. 1998, 2010, 2016, 2024 என்று லட்சத்தீவில் இது அடுத்தடுத்து நடந்திருக்கிறது. மூழ்கிப்போன எரிமலையைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்ந்தே இத்தகைய வளையங்கள் உருவாகின்றன என்று டார்வின் 1842இல் விளக்கினார். அப்படியானால் அந்தச் சின்னப் பவள உயிர்கள் மடிந்தால் தீவும் நிலைக்காது. பரளித் திட்டுகளில் ஒன்றை அலை முழுவதுமாக அரித்துவிட்டது என்று 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆள் இல்லாத திட்டுதான். ஆனாலும் வரைபடத்திலிருந்து ஒரு நிலமே போய்விட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

தண்ணீர்க் கஷ்டத்தைச் சொன்னால் உனக்கு உடனே புரியும். அந்தத் தீவுகளில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உப்பாகிவிடும். லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் 2005இல் சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்த பிறகே கொஞ்சம் ஆறுதல். நம் வகுப்பில் எத்தனை பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருந்தது, நினைவிருக்கிறதா? ஃபுளூரைடு கலந்த ஆழ்குழாய் நீரைக் குடித்து வளர்ந்து, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகே நல்ல தண்ணீரைக் கண்ட ஊர்க்காரி நான். அகத்தியில் ஒரு வீட்டு அம்மா செம்பில் அளந்து தண்ணீர் தந்தபோது ஒரு சொட்டையும் மீதம் வைக்காமல் குடித்தேன்.

நீயும் போய் வா. முழங்கால் வலி தடையில்லை, மிதப்பதற்குக் கால்பலம் அதிகம் வேண்டாம். ஆனால் மருத்துவரைக் கேட்டுக்கொள். நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். அக்டோபருக்குப் பிறகு பார். ஸ்கூபா செய்தால் அடுத்த 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப எடு. பவளத்தின் மேல் கால் வைக்காதே, சிப்பியைக் கையில் எடுக்காதே.

எப்போது கிளம்புவாய் என்று எழுது. மறுபடியும் வர நான் தயார்.

அன்புடன்,
உன் தோழி